எல்ஈடி மிக்சர் மீட்டர் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் கலவையைப் பார்க்க, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வோல்ட்டாகச் சொல்லும் ஓர் ஆக்சிஜன் சென்சாரும், அந்த வோல்ட்டுக்கேற்ப பத்து எல்ஈடி விளக்குகளை எரியவைக்கும் எல்எம்3914 ஐசியும் போதும். மீட்டரை வீட்டிலேயே செய்துவிடலாம். செய்வது சுலபம். அது காட்டுவதைத் தப்பாகப் படித்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

சென்சார் நான்கு வயர் கொண்ட, ஹீட்டர் உள்ள நேரோபேண்ட் வகையாக (சரியான கலவைக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்வது) இருக்கட்டும். கலவையின் அளவையே சொல்லும் ஐந்து வயர் வைட்பேண்ட் இந்த சர்க்யூட்டுக்கு ஒத்துவராது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே புகைக் குழாயில் எம்18×1.5 மரையுள்ள நட்டைப் பற்றவைத்து அதில் முடுக்குங்கள். சென்சாரின் பின்பக்கம் கிடைமட்டத்தைவிட 10 டிகிரியாவது உயர்ந்திருக்க வேண்டும். குழாயில் தேங்கும் தண்ணீர் பட்டால் சென்சாருக்குள் இருக்கும் சூடான பீங்கான் விரிசல் விட்டுவிடும். ஹீட்டருக்குத் தனி ஃபியூஸ் கொடுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் கரன்ட் போகட்டும்.

சிக்னல் வயர் ஐசியின் 5-ஆம் காலுக்கு. 6, 7 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு. 2, 4, 8 நேரே எர்த். 3-ஆம் காலுக்கு டையோடு வழியாக 12 வோல்ட். 2-க்கும் 3-க்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். 9-ஆம் காலை அப்படியே விடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியும். எல்லாம் வரிசையாக எரிந்தால் அழகுதான், ஆனால் 14 வோல்ட்டில் ஐசி கொதிக்கும். எர்த்தை எஞ்சின் பிளாக்கிலேயே எடுங்கள். டேஷ்போர்டில் எடுத்தால் ஹெட்லைட் போட்டதும் ரீடிங் நகரும்.

ஒரு விளக்குக்கு 0.125 வோல்ட். சென்சார் தருவது ஏறக்குறைய 0.1 முதல் 0.9 வரைதான் என்பதால் கடைசி மூன்று விளக்குகள் எரியவே எரியாது. சரியான கலவையில் வோல்ட் 0.45 பக்கம், அதாவது மூன்றாவது விளக்கில் நிற்கும். அதற்குக் கீழே போனால் லீன் (பெட்ரோல் குறைவு), மேலே போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்).

சிக்கல் இங்கேதான். அந்த இடத்தில் வோல்ட் செங்குத்தாகத் தாவும். தாண்டியபின் கிட்டத்தட்ட படுத்துவிடும். 0.8-க்கும் 0.85-க்கும் உள்ள வித்தியாசம் கலவையால் வந்ததா, சென்சாரின் சூட்டால் வந்ததா என்று பிரிக்க முடியாது. முழு ஆக்ஸிலேட்டரில் 12.5 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும் என்று ஆறாவது விளக்கைக் குறிவைத்து ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) குறைப்பது பிஸ்டனை உருக்கும் வேலை. அதற்கு வைட்பேண்ட் மீட்டர்தான். இது ஐடிலிங்குக்கும் நிதான ஓட்டத்துக்கும் மட்டும்.

இன்னொரு பொறி: ஒரு பிளக் மிஸ்ஸானால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே, அதனால் லீன் என்று காட்டும். சென்சாருக்கு முன்னால் கேஸ்கட் கசிந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் அதே கதை. ஜெட்டைத் தொடுமுன் பிளக்கையும் கேஸ்கட்டையும் பாருங்கள்.

இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மீட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலின் கணக்கு, இ20-க்கு அது சுமார் 13.5, சென்சார் அந்தந்த எரிபொருளின் சரியான புள்ளியிலேயே தாவும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் விளக்கு கீழே இறங்கும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிவிட்டு மறுபடி பாருங்கள், மூடிய ஷெட்டுக்குள் அல்ல, திறந்த வெளியில்.