கிறிஸ்து, மேசியா, மஸீஹ்: ஒரே எண்ணெய், மூன்று பெயர்

"இயேசு கிறிஸ்து" என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டதால், கிறிஸ்து என்பது ஏதோ குடும்பப் பெயர் மாதிரியோ இனிஷியல் மாதிரியோ பலர் மனசில் உட்கார்ந்துவிட்டது. அது பெயரே இல்லை, பட்டம். மத்தேயு நற்செய்தியில் ரோம ஆளுநர் பிலாத்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்கும்போது "கிறிஸ்து எனப்படும் இயேசுவை என்ன செய்ய?" என்றுதான் கேட்கிறான். பெயர் இயேசு, மக்கள் கொடுக்கும் பட்டம் கிறிஸ்து.

இந்தப் பட்டத்தை முஸ்லிம்களும் அவருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. குர்ஆனில் ஈஸா நபியை, அதாவது இயேசுவைக் குறித்து "அல்-மஸீஹ்" என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. மர்யமுக்கு வானவர்கள் நற்செய்தி சொல்லும் இடத்திலேயே (3:45) பிறக்கப்போகும் பிள்ளையின் பெயர் "அல்-மஸீஹ் ஈஸா, மர்யமின் மகன்" என்று சொல்லியாகிவிட்டது. யூதர்கள் அவரை மேசியா (கிறிஸ்து என்பதற்கு மூலமான எபிரேயச் சொல்) என்று ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஏற்கிறார்கள். அப்புறம் எங்கே பிரிகிறார்கள்? அந்தச் சொல்லுக்குள் ஆளுக்கு என்ன வைக்கிறார்கள் என்பதில்தான்.

வேரிலிருந்து வருவோம். எபிரேயத்தில் "மாஷக்" என்றால் தடவு, பூசு. பெரிய ஆன்மிகச் சொல் எல்லாம் இல்லை, அடுப்படிச் சொல்தான். லேவியராகமத்தில் (2:4) காணிக்கையாகக் கொண்டுவரும் புளிப்பில்லாத அடையின்மேல் எண்ணெய் தடவுவதற்கும் இதே வினைதான், ஏசாயாவில் (21:5) போருக்கு முன் கேடயத்துக்கு எண்ணெய் பூசுவதற்கும் இதேதான். ராஜாவையும் ஆசாரியனையும் பதவியில் அமர்த்தும்போது தலையில் எண்ணெய் வார்ப்பார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் தைலக் குப்பியை எடுத்துச் சவுலின் தலையில் வார்த்தார், பின்னால் தாவீதுக்குத் தைலக் கொம்பிலிருந்து. அப்படி எண்ணெய் பெற்றவர் "மாஷியாக்". யூத ராஜா என்றுகூட இல்லை, பாரசீக மன்னன் கோரேசையே ஏசாயா 45:1 அந்தச் சொல்லால் அழைக்கிறது. தாவீதின் அரியணை போன பிறகுதான் அது "இனி வரப்போகிற மீட்பர்" என்ற எதிர்பார்ப்பாக மெல்ல மாறியது.

கிரேக்கத்தில் இதை அப்படியே மொழிபெயர்த்தார்கள். பூசுவதற்கு அங்கே "க்ரியோ", பூசப்பட்டவர் "கிறிஸ்டோஸ்". யோவான் 1:41-இல் நற்செய்தியாளரே நின்று, மேசியா என்றால் கிறிஸ்து என்று பொருள் சொல்லிவிட்டுப் போகிறார், அந்தக் காலத்துச் சொல் விளக்கம். கிறிஸ்டோஸ் என்பதிலிருந்து கிறிஸ்தவர். அந்தப் பெயர் முதலில் வழங்கியது அந்தியோகியாவில் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள்.

சரி, அரபுக்கு வருவோம், இங்கேதான் சுவாரசியம். அரபியில் "மஸஹ" என்றால் தடவு, துடை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் இது தினமும் புழங்கும் சொல்: தொழுகைக்கு முன் ஒளூ (உடல் தூய்மை) செய்யும்போது முகத்தையும் கைகளையும் கழுவிவிட்டு, ஈரக் கையால் தலையைத் தடவுவதற்குப் பெயர் "மஸ்ஹு". எபிரேயத்து எண்ணெய்க்குப் பதில் இங்கே தண்ணீர், கை அசைவு ஒன்றுதான். ஆனால் ஈஸா நபி ஏன் மஸீஹ் என்று கேட்டால் குர்ஆன் விரிவுரையாளர்கள் ஒரே பதிலில் நிற்பதில்லை. நோயாளிகளைத் தடவினார், குணமானார்கள், அதனால் மஸீஹ் என்பது ஒன்று. ஓரிடத்தில் தங்காமல் பூமியில் சுற்றித் திரிந்தவர் என்று வேறொரு வினையிலிருந்து வருவிப்பது இன்னொன்று. பரக்கத் (இறையருள்) பூசப்பட்டவர் என்பது மற்றொன்று. குர்ஆன் அந்தப் பட்டத்தைக் கொடுக்கிறதே தவிர ஏன் என்று விளக்கவில்லை, அதனால் இத்தனை விளக்கத்துக்கு இடம் இருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்கோ இந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அவரைப் பூசியது குப்பித் தைலம் அல்ல, பரிசுத்த ஆவி (அப்போஸ்தலர் 10:38). அவர் தேவகுமாரன், சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் எழுந்தவர், அந்த மரணத்தில்தான் மீட்பு. சிலுவை இல்லாமல் கிறிஸ்து என்ற சொல்லுக்கு அவர்களிடம் பொருளே கிடையாது. முஸ்லிம்களுக்கு மஸீஹ் இறைத்தூதர். கன்னியிடம் பிறந்தவர், இறைவன் அனுமதியால் களிமண் பறவையில் ஊதி உயிர் வரச்செய்தவர், ஆனால் மகன் அல்லர், வணக்கத்துக்குரியவரும் அல்லர். அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்கிறது 4:157. இறைவன் தன்னிடம் உயர்த்திக்கொண்டான். "மஸீஹ் ஈஸா, மர்யமின் மகன், அல்லாஹ்வின் தூதர், மூன்று என்று சொல்லாதீர்கள்" என்று திரித்துவத்தை மறுத்துப் பேசும் 4:171 வசனம் ஜெருசலேமில் பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியக் கட்டடத்தின் உட்புறத்தில், ஹிஜ்ரி 72 (கி.பி. 691-92) என்று தேதியிட்ட மொசைக் எழுத்துகளிலேயே இருக்கிறது. கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊரின் நடுவில், அவர்களுடைய பட்டத்தையே எடுத்து, அவர்களோடு வாதம் செய்யும் எழுத்து அது.

திரும்பி வருவார் என்பதில் இரு தரப்பும் ஒன்று. அவருக்கு எதிரி ஒருவன் உண்டு என்பதிலும் ஒன்று. கிறிஸ்தவத் தமிழில் அவன் அந்திக்கிறிஸ்து, திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பில் எதிர்க்கிறிஸ்து. முஸ்லிம்கள் சொல்வது மஸீஹுத் தஜ்ஜால். தஜ்ஜால் என்றால் பெரும் பொய்யன். அவனுக்கும் ஏன் மஸீஹ் பட்டம் என்றால், ஒரு கண் தடவித் துடைத்தாற்போல் இருக்கும் என்பதால் என்கிறார்கள். பார்த்தீர்களா, அதே மஸஹ, ஒருவருக்கு நோய் தீர்க்கும் கை, இன்னொருவனுக்கு அழிந்த கண்.

இப்போது தமிழ். பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் "அபிஷேகம்பண்ணப்பட்டவர்". வடமொழிச் சொல் என்று ஒதுக்கலாம்தான், ஆனால் தலையில் வார்த்து அரசனாக்குவது என்ற பொருளில் இது பொருந்தியே வருகிறது, பட்டாபிஷேகம் நமக்குத் தெரியாததா. என்ன ஒன்று, இன்று அபிஷேகம் என்றதும் கண்முன் வருவது கோயிலில் பாலும் சந்தனமும்தான். 1995-இல் வந்த திருவிவிலியம் "அருள்பொழிவு பெற்றவர்" என்கிறது. நல்ல தமிழ், ஆனால் எண்ணெய் காணாமல் போய்விட்டது, எண்ணெய் இல்லாமல் இந்தச் சொல் பிறந்திருக்கவே முடியாது. எனக்குப் பிடித்தது கத்தோலிக்கர் வேறு இடத்தில் வைத்திருக்கும் சொல்: உறுதிப்பூசுதல், நோயில்பூசுதல். எண்ணெய் தொட்டுப் பூசும் சடங்குகளுக்கு அச்சு அசலான தமிழ். அந்த வழியில் போனால் மேசியா "பூசப்பெற்றவர்", கொஞ்சம் விரித்தால் "எண்ணெய் பூசப்பெற்றவர்". மாஷக், க்ரியோ, மஸஹ மூன்றுக்கும் பொதுவான வினை "பூசு" மட்டும்தான்.

ஆனால் குர்ஆன் வசனத்தைத் தமிழில் எழுதும்போது இதைப் போடாதீர்கள். அங்கே மஸீஹ் என்றே விட்டுவிடுவதுதான் சரி, தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் விடுகிறார்கள். பூசப்பெற்றவர் என்று எழுதினால் நோயாளிகளைத் தடவியவர், ஊர் ஊராகத் திரிந்தவர் என்ற பொருள்களெல்லாம் அடிபட்டுப் போகும். கிறிஸ்து என்று எழுதினாலோ, படிக்கிறவர் மனசில் சிலுவை வந்து நின்றுவிடும்.