எம்டனைத் துரத்திய பழைய பகையாளிகள்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைத் துரத்தியவர்களின் பட்டியல்தான் வேடிக்கை: பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஜப்பான். 1746-ல் பிரிட்டிஷாரிடமிருந்து நம் ஜார்ஜ் கோட்டையைப் பிடுங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டு முடித்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை.

சரி, எப்படி ஓரணியில் சேர்ந்தார்கள்? 1940-களில் உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் சொன்ன யோசனை ஒன்று இதற்கு உதவும். மூன்று பேரை முக்கோணமாக வரையுங்கள். நட்புக்குக் கூட்டல் குறி, பகைக்குக் கழித்தல் குறி. மூன்றையும் பெருக்கினால் கூட்டல் வந்தால் உறவு நிலைக்கும். கழித்தல் வந்தால் யாரோ ஒருவர் மாறியாக வேண்டும். பேச்சுவார்த்தையில்லாத இரண்டு பங்காளிகளையும் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு நடுவில் முழிக்கிறவரின் நிலை அது.

1902-ல் ரஷ்யாவை மனதில் வைத்து பிரிட்டனும் ஜப்பானும் கூட்டணி போட்டன. ஒரு கூட்டல், இரண்டு கழித்தல், பெருக்கினால் கூட்டல். அப்படியே ஓடியிருக்கும், ஜெர்மனி தலையெடுக்காமல் இருந்திருந்தால். பிரிட்டன், ரஷ்யா இரண்டுக்கும் அதனோடு ஒத்துவரவில்லை. மூன்று கழித்தல் சேர்ந்தால் கழித்தல்தானே? 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரிட்டனின் இரண்டு நண்பர்களான ஜப்பானும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு நிற்க முடியுமா? அதே ஆண்டு, அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் முன்பே, அவர்களும் உடன்படிக்கை போட்டுவிட்டார்கள்.

ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலைப் பாருங்கள். 1905-ல் சூஷிமா கடற்போரில் ஜப்பானியரிடமிருந்து தப்பிப் பிழைத்தது. 1914-ல் அதே ஜப்பானியரின் அணியில் நின்றது. அக்டோபர் 28 விடியற்காலையில், பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போலப் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன், அதை அங்கேயே மூழ்கடித்தது. அப்போது ஜெம்சுக்கின் கேப்டன் கரையில் இருந்தார்.

இந்தக் கணக்கு அழுத்தம் எங்கே என்று காட்டும். மாறப்போவது யார் என்று சொல்லாது. 1905-ல் ஜெர்மன், ரஷ்யச் சக்கரவர்த்திகளே பியோர்க்கோ என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் அணிகள் வேறு மாதிரி பிரிந்திருக்கும்.

போட்ட கூட்டல் குறி நிரந்தரமும் இல்லை. உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. பிரிட்டன்–ஜப்பான் கூட்டணி 1923-ல் முடிவுக்கு வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.