ஸ்டேப்ளர் – தமிழில் கம்பித்தையல்

கண்டியில் ஒப்பரேஷன் முடிந்து டிக்கட் வெட்டி லயத்துக்கு வந்தவரைப் பார்க்கப் போனால், ஹட்டன், டிக்கோயா பக்கம் முதல் கேள்வியே ‘எத்தனை தையல்?’ என்பதுதான். தோலில் போட்டதை எண்ணிச் சொல்லிவிடலாம். குடலை வெட்டி இணைத்திருந்தால் உள்ளே இருப்பதை யார் எண்ணுவது? அதிலும் டயக்னோசிஸ் கார்டில் ஸ்டேப்ளர் என்று எழுதியிருந்தால், கடதாசிக்கு ‘பின்’ அடிக்கிற சாமானா என்று வீடே பதறிப்போகும்.

அதே இனம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டேப்பிள் என்பது பழைய ஆங்கிலத்தில் தூணைக் குறித்த சொல். பிறகு இரண்டு கால் வைத்து வளைத்த ஆணிக்குப் பெயராகிவிட்டது. வயிற்று அறுவைக்கு இதை முதலில் கொண்டுவந்தவர் புடாபெஸ்டின் ஹூமர் ஹூல்ட்ல், 1908இல். அந்தக் கருவி மூன்றரைக் கிலோவுக்கு மேல், பூட்டி எடுக்கவே இரண்டு மணி நேரம் போய்விடுமாம்.

தமிழில் என்ன சொல்லலாம்? பிணிப்பான், கவ்வி என்றெல்லாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை என்பேன். காலில் முள் ‘தைத்தது’ என்கிறோம், சட்டையையும் ‘தைக்கிறோம்’. குத்துவதும் இணைப்பதும் நமக்கு ஒரே வினை. ஸ்டேப்ளர் செய்வதும் அதுதான்: கம்பியின் இரண்டு காலும் குடல் சுவரைக் குத்தி, மறுபக்கம் ஆங்கில ‘B’ எழுத்துப் போல மடங்குகின்றன, மடிப்பின் இடைவெளியில் சிறு நாளங்களில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இது கம்பித்தையல், நூலால் போடுவது கைத்தையல். இரண்டுமே தையல்தான்.

எது நல்லது என்று கேட்டால் இடத்தைப் பொறுத்தது. கம்பித்தையல் வேகமானது, கை எட்டாத ஆழத்தில், மலக்குடலின் அடியில், ஆசனவாய் வழியாக வட்டக் கருவியை விட்டு இணைக்க அதுதான் வசதி. ஆனால் அங்கே இணைப்பு பின்னால் சுருங்கிப்போவது கைத்தையலைவிடக் கொஞ்சம் கூட. வீங்கித் தடித்த குடல் என்றால் கம்பியின் உயரம் பொருந்தாமல் போகலாம், நூலின் இறுக்கத்தை விரல் பார்த்துக்கொள்ளும். வலப்பக்கப் பெருங்குடலை வெட்டிச் சிறுகுடலோடு இணைப்பதில் கம்பியில் கசிவு குறைவு என்று ஆய்வுத் தொகுப்பொன்று சொன்னது, ஐரோப்பாவில் 2015இல் நடந்த பெரிய கணக்கெடுப்போ தலைகீழாகக் காட்டியது. குடலுக்கு இரத்தம் வருகிறதா, இழுபடாமல் பொருந்துகிறதா என்பதும் கசிவைத் தீர்மானிக்கும்.

அப்புறம் ஒன்று. தோலில் அடித்த கம்பியைக் கிளினிக்கில் கழற்றுவார்கள், குடலில் போட்டதைக் கழற்றமாட்டார்கள். அந்தக் கம்பி டைட்டானியம் என்ற உலோகம், துருப்பிடிக்காது, எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போகும்போது மட்டும் சொல்லி வையுங்கள்.