சட்டைக்கும் மனக்கணக்குக்கும் என்ன தொடர்பு?

இன்டர்வியூவுக்குப் பச்சை நிறச் சட்டை போட்டுக்கொண்டு போனால் தைரியம் வரும் என்கிறார்களே, இதில் அறிவியல் ஏதாவது உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ராசிக்கு ஒரு நிறம், கிழமைக்கு ஒரு நிறம் என்பதெல்லாம் காலண்டர் விற்கிறவர்களின் பிழைப்பு. அதை விடுங்கள். ஆனால் உடை மனதைத் தொடுவது உண்மைதான்.

2012இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். 'டாக்டர் கோட்டு' என்று சொல்லிக் கொடுத்தபோது, இரண்டு படங்களுக்கு இடையிலான வித்தியாசங்களைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். அதே கோட்டைப் 'பெயின்டர் கோட்டு' என்று சொன்னால் அந்தக் கூர்மை இல்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. அப்புறம் 2019இல் இதே ஆய்வின் இன்னொரு சோதனையை, அதாவது கோட்டு போட்டவர்களைப் போடாதவர்களோடு ஒப்பிட்ட முதல் சோதனையை, வேறொரு குழு அதிக ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தது. பலன் தென்படவில்லை. பழைய சோதனையைச் சரிபார்க்கிற இந்த மாதிரி வேலைக்கு நிதி கேட்டுப் பாருங்கள், 'இதில் புதுசாக என்ன இருக்கிறது?' என்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் பணம் போக வேண்டியது அதற்குத்தான்.

எனக்குப் பிடித்தது 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழு செய்த சோதனை. ஒரு சிறிய உடைமாற்றும் அறை, ஆளுயரக் கண்ணாடி. சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். போட்டுக்கொண்டு அப்படியே கணக்குப் பரீட்சை எழுத வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்களின் மதிப்பெண் குறைந்தது. ஆண்களுக்குக் குறையவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்த அறையில் அவர்களைப் பார்க்க ஒருவரும் கிடையாது!

என்ன நடக்கிறது? 47ஐ 6ஆல் மனதிலேயே பெருக்குங்கள். நாற்பது ஆறு 240. அதை ஓரமாக வைத்துக்கொண்டு ஏழு ஆறு 42 போட வேண்டும். அந்த 240 தங்குகிற இடத்துக்குச் செயல்படு நினைவு என்று பெயர். ரொம்பச் சின்ன இடம், நொடிகளில் கலைந்துவிடும். அந்த நேரம் பார்த்து 'முந்தானை சரியாக இருக்கிறதா?' என்று ஒரு எண்ணம் நுழைந்தால் போதும், 240 போயே போச்சு. ஊரார் கண்ணால் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளச் சின்ன வயதிலிருந்தே பெண்களைப் பழக்கிவிடுகிறோம். ஆள் இல்லாத அறையிலும் அந்தக் கண் மூடுவதில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். 'துப்பட்டாவை ஒழுங்காகப் போடு' என்று நாள் முழுக்க நச்சரிக்கும் பெரியவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆக, இன்டர்வியூ சட்டையைப் பெட்டி பிரித்த கையோடு போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒருமுறை துவைத்து, அரை நாள் வீட்டில் போட்டுப் பாருங்கள். காலர் அறுக்கிறதா, உட்கார்ந்தால் வயிற்றுப் பட்டன் இழுக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வழியில் காபி சிந்திவிட்டால்? அதற்கும் ஒரு சோதனை உண்டு. 2000இல் தாமஸ் கிலோவிச் குழு, மாணவர்களுக்குப் பாடகர் பேரி மேனிலோவின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பியது. போட்டிருந்தது அவர்களுக்கே கூச்சம். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான்.