ஒரே ஆண்டு, ஒரே எழுத்தாளர், இரண்டு மொழிகள்

கல்லூரியில் ஆப்பிரிக்க இலக்கியத் தாளை நடத்தி வருகிறேன். ஆப்பிரிக்க இலக்கியம் என்றாலே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பாடத்திட்டமும் அதையே சொல்லிக்கொடுக்கிறது. எந்த மொழியில் எழுதினால் என்ன, கருத்துதானே முக்கியம் என்று அவர்கள் கேட்கும்போது, 1977-இல் கென்யாவில் நடந்ததைச் சொல்வேன்.

அந்த ஆண்டு ஜூலையில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் ஆங்கில நாவல் 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' வெளிவந்தது. விடுதலைக்குப் பின் நாட்டைச் சுரண்டிக் கொழுத்தவர்களைத் தோலுரித்த நூல் அது. அதை வெளியிட்டு வைத்தவரே அன்றைய நிதியமைச்சர் முவாய் கிபாக்கிதான். அக்டோபரில் அதே கூகி, கூகி வா மிரியுடன் சேர்ந்து தன் தாய்மொழியான கிகுயூவில் எழுதிய 'ங்காஹிகா ந்தேந்தா' (விரும்பும்போது மணப்பேன்) நாடகம் லிமுரு அருகே கமிரீத்து கிராமத்தில் மேடையேறியது. நவம்பர் நடுவில் நாடகத்தை நடத்தும் உரிமம் ரத்தானது. டிசம்பர் 31 அன்று கூகி கைதானார். விசாரணையே இல்லாமல் கமிட்டி சிறையில் ஏறத்தாழ ஓராண்டு வைக்கப்பட்டார்.

அரசு எதற்கு அஞ்சியது? கமிரீத்துவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விளங்கும். நடித்தவர்கள் தேயிலைத் தோட்டக் கூலிகள், பாட்டா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வேலையற்ற இளைஞர்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய திறந்தவெளி அரங்கை ஊர்மக்களே கட்டினார்கள். ஒத்திகை ஊரறிய நடந்தது. ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார், அந்தப் பாட்டு இப்படி வராது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வசனத்தைத் திருத்தினார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரான கூகி அவர்களிடம் தன் தாய்மொழியை மறுபடி கற்றார். கதையில் ஏழைத் தொழிலாளி கிகூண்டா, தன் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். பணக்கார முதலாளியின் பேச்சை நம்பி, தேவாலயத் திருமணத்துக்காக அதை அடகு வைத்து இழக்கிறான். பார்க்க வந்தவர்களில் பலருக்கு அது தங்கள் வீட்டுக் கதை.

கூகி சிறையிலும் கிகுயூவை விடவில்லை. கழிப்பறைக் காகிதத்தில் ஒரு நாவலை எழுதினார்; 1980-இல் வெளியான அது தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்திருக்கிறது. எழுத்தறியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிப்பார். விறுவிறுப்பான கட்டத்தில் நிறுத்தித் தன் கோப்பை காலியாக இருப்பதைப் பார்ப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த பீர் வாங்கித் தருவார்கள்.

இந்த அச்சம் கென்யாவுக்கு மட்டும் உரியதன்று. நைஜீரியாவில் ஹியூபர்ட் ஒகுண்டே யொருபா மொழியில் போட்ட 'யொருபா ரோனு' நாடகத்துக்காக, 1964-இல் மேற்குப் பிராந்திய அரசு அவரது குழுவையே தடை செய்தது.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டது காலனியக் கல்வி. கூகி படித்த காலத்தில், பள்ளி வளாகத்தில் கிகுயூ பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பிரம்படி விழும், அல்லது 'நான் முட்டாள்' என்று எழுதிய தகடு கழுத்தில் தொங்கும். யார் பேசினார்கள் என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கொடுமை எனக்கு ஆறவில்லை. தமிழில் பேசினால் அபராதம் என்று சொல்லும் பள்ளிகளில் படித்துவிட்டு வரும் என் மாணவர்களுக்கும் இது எளிதில் புரிகிறது. இப்படி வளர்ந்த தலைமுறைதான் 1962-இல் உகாண்டாவின் கம்பாலாவில் உள்ள மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில் கூடியது. அழைப்பு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். சுவாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும், யொருபா நாவலாசிரியர் ஃபகுன்வாவுக்கும் அங்கே இடமில்லை. ஆங்கிலத்தைத் தனதாக்கி வளைத்த நைஜீரிய நாவலாசிரியர் அச்செபேயின் வழியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வழியை மட்டும் முழு ஆப்பிரிக்காவாகக் காட்டுவது சரியில்லை.

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆப்பிரிக்கத் தாளில் ஒரு பிரதியாவது ஆப்பிரிக்க மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டதாக இருக்கட்டும். நைஜீரிய எழுத்தாளர் சோயிங்கா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்த ஃபகுன்வா இருக்கிறார். கமிரீத்து நாடகமும் கிடைக்கிறது. நாடகத்தை வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெழுதும் பாடமாக்காமல், இரண்டு காட்சிகளையாவது மாணவர்கள் தங்கள் தமிழில் நடித்துப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.