லாட்டரிச் சீட்டு: சட்டம் எதை அனுமதிக்கிறது, பரிசு விழுந்தால் கைக்கு எவ்வளவு வரும்?

தமிழ்நாட்டுக்குள் எந்த மாநிலத்தின் லாட்டரிச் சீட்டையும் விற்கக் கூடாது. 2003 ஜனவரியில் வந்த தடை இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் கேரள எல்லையான வாளையாறு தாண்டிப் போய்ச் சீட்டு வாங்குபவர்கள் உண்டு. ஊருக்குள்ளேயே ‘மூணு நம்பர்’ என்ற சூதாட்டத்தில் பணம் போடுபவர்களும் உண்டு. முன்னது கேரள அரசின் சீட்டு. பின்னது எந்த அரசின் சீட்டும் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

இங்கும் அரசே பரிசுச் சீட்டு நடத்திய காலம் இருந்தது. கேரளம் 1967-இல் இதற்கெனத் துறையே அமைத்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே 1968-இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடும் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் அப்போது வந்ததுதான்.

மாநிலத்துக்குத் தடை போடும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அரசியல் சட்டத்தில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் (34-ஆம் இனம்) இருக்க, அரசுகள் நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலில் (40-ஆம் இனம்) இருக்கிறது. அதனால் நாடாளுமன்றம் 1998-இல் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, அதன் 5-ஆம் பிரிவில் மாநிலங்களுக்குத் தடை அதிகாரம் கொடுத்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு வைத்தது: தன் சொந்த லாட்டரியை நடத்தாத மாநிலம்தான் பிற மாநிலச் சீட்டைத் தடுக்கலாம். நாளை தமிழ்நாடு லாட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தால், வெளிமாநிலச் சீட்டுக்கும் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். ‘நம்ம அரசே நடத்தினால் என்ன?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

அந்த 1998 சட்டத்தின் 4-ஆம் பிரிவு அரசு லாட்டரிக்கு நிபந்தனைகள் வைக்கிறது. சீட்டை அரசே தன் முத்திரையோடு அச்சிட வேண்டும். விற்ற பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். குலுக்கலை அரசே, தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும். முன்கூட்டியே அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு கிடையாது. ஒரு லாட்டரிக்கு ஆண்டுக்கு ஆறு பம்பர் (பெரும்பரிசுச் சிறப்பு) குலுக்கலுக்கு மேல் கூடாது.

இப்போது ‘மூணு நம்பர்’ எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கேரளக் குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து ஆட்டம். கைக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டு, அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு வரி. எண் சரியாக விழுந்தும் சீட்டு எழுதித் தந்தவர் பணம் தர மறுத்தால் எங்கும் கேட்க முடியாது. 7-ஆம் பிரிவின்படி சட்டத்தை மீறிய லாட்டரியை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது.

கேரளச் சீட்டில் பரிசு விழுந்தால் முதல் வேலை, சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுவது. கையெழுத்தில்லாத சீட்டு தொலைந்தால், கண்டெடுத்தவர் தன்னுடையது என்பார். பிறகு எண்ணைக் கேரள அரசிதழில் சரிபார்த்து, குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரை கேரளத்தில் லாட்டரிக் கடையிலேயே வாங்கலாம். அதற்கு மேல் லாட்டரி அலுவலகம் அல்லது வங்கி வழியாக, அடையாளச் சான்றோடு. வெளிமாநிலத்தவர் நோட்டரி சான்றொப்பமும் வைத்துக்கொள்வது நல்லது. கிழிந்த, எண் அழிந்த சீட்டைத் தள்ளிவிடுவார்கள்.

கேரளத்தின் 2023 திருவோணம் பம்பர் லாட்டரியின் முதல் பரிசு 25 கோடி, திருப்பூர்ப் பக்கத்து நால்வர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று புகாரும் கிளம்பியது. கேரளத்துக்குப் போய் வாங்கியதற்கான பஸ் டிக்கெட் போன்ற தடயம் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுவோம். பரிசு ஒரு கோடி, சீட்டு விற்ற முகவரின் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது போக 90 லட்சம். அதில் 30 சதவீத வருமான வரி, 27 லட்சம், பிடித்தபின் 63 லட்சம் வங்கிக்கு வரும். இதோடு முடிந்தது என்று எண்ணித்தான் பலர் மாட்டுகிறார்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி), 2,70,000. வரியும் சர்சார்ஜும் சேர்ந்த மொத்தத்தின் மேல் 4 சதவீத செஸ் (மேல்வரி), 1,18,800. இந்த 3,88,800 ரூபாயை நீங்களே கட்ட வேண்டும். வேறு வருமானம் இல்லையென்றால் மிஞ்சுவது 59,11,200. அடிப்படை வரிவிலக்கு இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. விழாத சீட்டுகளுக்குச் செலவழித்ததையும் கழிக்க முடியாது.

கேரள அரசு லாட்டரியை ஆன்லைனில் விற்பதில்லை. கையில் காகிதச் சீட்டு இல்லையென்றால் பரிசும் இல்லை. வெளிநாட்டு லாட்டரிக்கு இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகளே தடுக்கின்றன. ‘பரிசு விழுந்திருக்கிறது, ஜிஎஸ்டியை முதலில் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தால் அது மோசடிதான். ஜிஎஸ்டி சீட்டு விலையிலேயே அடங்கியது. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.