எல்லாப் பெண்களும் பாத்ரூமில்தான் வழுக்கி விழுகிறார்களா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மூன்று பேருடைய ஏ.ஆர். காப்பியிலும் ஒரே கதைதான், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒருவருக்கு இடது மணிக்கட்டில் முறிவு, இன்னொருவருக்குப் புருவத்துக்கு மேலே நாலு தையல், மூன்றாமவருக்கு முதுகில் நீளநீளமாகக் கன்றிப்போன கோடுகள். பாத்ரூம் தரையில் பெல்ட் எங்கிருந்து வந்தது என்று அந்த காஷுவாலிட்டியில் யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

நான் மாவட்ட சட்ட உதவி மையத்தில் பேனல் வக்கீல். குடும்ப வன்முறை வழக்குகள்தான் என் மேஜைக்கு அதிகம் வரும். (கீழே சொல்லும் பெண்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) ஏ.ஆர். என்பது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. யார், எதால், எங்கே, எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று அடிபட்டவர் சொல்வதை டாக்டர் அதில் அப்படியே எழுத வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் முதல் காகிதம் இதுதான். ஒரு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுப்பதும் இதைத்தான். "நீங்களே டாக்டர்கிட்ட விழுந்தேன்னு சொல்லியிருக்கீங்களேம்மா" என்று அவர் கேட்கும்போது கூண்டில் நிற்கும் பெண் என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்ன செய்ய?

மூன்றாவது பெண்ணிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க மேடம் சொன்னேன்? அத்தைதான் சீட்ட கையில வச்சிட்டு நின்னாங்க. டாக்டர் என்னைப் பார்த்துதான் கேட்டாரு, நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க."

காஷுவாலிட்டி நர்ஸ் அக்காக்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கூட்டம் எனக்குத் தெரியும், ராத்திரி 11 மணிக்கு அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனாலும் கூட வந்தவரை மாத்திரை வாங்கிவரச் சொல்லி இரண்டு நிமிடம் வெளியே அனுப்புங்கள், அப்புறம் கேளுங்கள். இன்னொன்று, இது கொஞ்சம் கோபத்தோடுதான்: அந்தப் பெண் இன்னும் எங்கும் புகார் செய்யவில்லை என்றால், குடும்ப வன்முறை அறிக்கையை மருத்துவமனையே நிரப்பி, இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006 விதிகளில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு அறிக்கை வந்து நான் பார்த்ததே இல்லை.

சரி, அத்தை பொய் சொன்னது புரிகிறது. தனியாக வருகிற பெண்ணும் ஏன் விழுந்தேன் என்றே சொல்கிறாள்? பெற்ற அம்மாவே ஏன் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்? எனக்கு வெறுத்துப்போகும் அளவுக்கு ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது, அதனால்தான். உண்மையைச் சொன்னால் போலீஸ், போலீஸ் வந்தால் கைது, கைதானால் விவாகரத்து, அதோடு பிள்ளைகளின் வாழ்க்கை போச்சு. இது தப்பு. எத்தனை தரம் சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை, இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

2005-ல் வந்து 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனு போட்டால் உங்கள் கணவரை யாரும் அன்றைக்கே வேனில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. அது உரிமையியல் நிவாரணம் கேட்கிற மனு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடுவது. அடிக்காதே, மிரட்டாதே, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு பண்ணாதே என்று பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீட்டை விட்டு வெளியேற்றாதே என்று குடியிருப்பு உத்தரவு கேட்கலாம். செலவுக்குப் பணம், பிள்ளைகள் உங்களிடம் இருப்பது, போட்டுவந்த நகை திரும்பக் கிடைப்பது எல்லாம் அதே மனுவில் அடங்கும். தாலியை ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். விவாகரத்து வேண்டும் என்றால் அதற்குக் கோர்ட்டே வேறு, சட்டமே வேறு. கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால்தான் அது குற்றம், ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். கொடுமைக்காகக் கிரிமினல் வழக்குப் போடும் பிரிவு தனியாக இருக்கிறது, பழைய 498ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. அது வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "கேஸ் போட்டா குடும்பம் போச்சு" என்று சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏட்டையா எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறார்கள்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் பத்திரம் யார் பெயரில் என்பது தடையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீட்டை விட்டு வந்துவிட்டால் மனு போட முடியாது என்பதும் கட்டுக்கதை. மனைவி மட்டும்தான் போடலாம் என்பதும் அப்படியே. மகன் அடிக்கும் அம்மாவும் போடலாம், அண்ணன் அடிக்கும் தங்கையும் போடலாம்.

மூன்று நாளில் முதல் வாய்தா, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கோர்ட் வராந்தாவில் இதைச் சொன்னால் டீ கொண்டுவரும் தம்பிகூடச் சிரிப்பான். ஆனால் வழக்கு முடியும்வரை பாதுகாப்புக்கு இடைக்கால உத்தரவு என்று ஒன்று உண்டு. அதை முதல் நாளே கேளுங்கள், உங்கள் வக்கீல் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? இலவச சட்ட உதவிக்குப் பெண் என்பதே தகுதி, வருமானச் சான்றிதழ் தேவையில்லை. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், நேரில் கோர்ட் வளாகத்துக்கும் வரலாம்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, "இனி சண்டை போட மாட்டோம்" என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்கி அனுப்புவது அங்கே வழக்கம். இரண்டு பேரிடமும்! அடி வாங்கியவளும் இனி சண்டை போட மாட்டேன் என்று எழுதித்தர வேண்டுமாம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டால் ஒரு நகல் கேளுங்கள். கவுன்சலிங் என்ற பெயரில் "நீ என்னம்மா சொன்னே, அவர் ஏன் அடிச்சாரு" என்று ஆரம்பிப்பவர்களுக்கும் ஒரு தகவல்: கோர்ட் அனுப்பும் கவுன்சலிங்கில் எதிர்த்தரப்பு தான் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க அனுமதி இல்லை என்று அதே 2006 விதிகளில் இருக்கிறது.

வன்முறை என்றால் அடி மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் பேசப் போவேன். உங்கள் வீட்டில் வன்முறை உண்டா என்று கேட்டால் எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். உரிமைத்தொகை 1,000 ரூபாய் வருகிறதே, ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், ஒரே சிரிப்பு. "அது அவர்கிட்டதான் இருக்கு, மெசேஜும் அவர் போனுக்குத்தான் வரும்." சட்டத்தில் இதற்குப் பெயர் பொருளாதார வன்முறை என்றதும் சிரிப்பு நின்றுவிடும். அப்புறம் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "ஒரு விஷயம் மேடம், எனக்கில்ல, எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு" என்று ஆரம்பிப்பார். நான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கே பதில் சொல்வேன்.

அவரிடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். பள்ளிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் அந்த வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். உங்கள் போன் எண்ணோடு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். காயத்தைப் படமெடுத்தால், மிரட்டல் ஆடியோ வந்தால், அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். ராத்திரியில் ஆபத்து என்றால் 112, பேச ஆள் வேண்டும் என்றால் 181. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, பிள்ளைகளோடு போய் ஐந்து நாள் வரை தங்கலாம், மருத்துவம், காவல்துறை, சட்டம் மூன்றுக்கும் அங்கேயே வழிசெய்வார்கள்.

சொந்தக்காரர்களே, அவள் திரும்ப அந்த வீட்டுக்கே போனால் "அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்தே" என்று மட்டும் கேட்காதீர்கள். இப்படிக் கேட்டால் அடுத்த முறை அவள் யாரிடமும் வர மாட்டாள். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் எங்காவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் முதலில் வருவது உங்களிடம்தான் என்பது என் அனுபவம்.

அந்த மூன்றாவது பெண்ணை மறுபடி மருத்துவமனைக்கு அனுப்பினேன், இந்தத் தடவை தனியாக. நாலு நாள் ஆகிவிட்டிருந்தது, கோடுகள் பச்சையும் மஞ்சளுமாக மாறியிருந்தன. டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல விழுந்தேன்னுல்ல போட்டிருக்கு?" என்று கேட்டாராம்.

"அப்ப அத்தை சொன்னாங்க சார். இப்ப நான் சொல்றேன், எழுதிக்குங்க."